கிணற்றில் வரைந்த சிவப்பு வட்டம்

குன்றத்தூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை இரும்புக் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். வாசனை வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். பயனில்லை, பழைய நினைவு உள்ளே வந்துவிட்டது. ஒரகடம் பக்கத்துக் கிணற்றடியில் நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ குந்தி உட்கார்ந்து வட்டம் வரைந்துகொண்டிருந்தாய். நீ இறந்து இரண்டு வருடமாகிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராது என்று தெரியும். அலுவலகத்திலிருந்து நாம் அனுப்பியவற்றில் பாதிக்கும் வந்ததில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்து வருபவன் நீ. நான் அங்கே டைப்பிஸ்ட். அந்த ஊரில் முலாம் பூசும் பட்டறை ஒன்று வந்த பிறகு, கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி வருகிறது என்று மனு வந்தது. பாதிப் பேர் அதற்குள் தாங்களாகவே அதை விட்டுவிட்டு ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீரில் விஷம் இருந்தது. அந்த அறிக்கையை நான் ஆங்கிலத்தில் மூன்று நகல் அடித்தேன்: மேலிடத்துக்கு ஒன்று, பட்டறை முதலாளிக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. குடிப்பவர்களுக்கு நகல் தர விதியில் இடமில்லை.

"ஃபைலு தண்ணி குடிக்காதுய்யா," என்றாய்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று சிவப்பு வட்டத்தைக் கண்டுபிடித்தவன் நீதான். சிவப்பென்றால் அபாயம். தினமும் ரயிலில் போய்வந்த நம் இருவருக்கும் அதில் சந்தேகமே எழவில்லை. நாம் போன நேரத்தில் ஊரார் வயலில் இருந்தார்கள். கிணற்றுச் சுவரில் பெரிதாக வட்டம் போட்டோம். நல்ல காரியம் செய்தவர்களுக்கு உரிய களைப்போடு பஸ் ஏறினோம்.

மூன்று வாரம் கழித்து மறு மாதிரி எடுக்கப் போனபோது கிணற்றைச் சுற்றிக் குடங்கள். ஆரோக்கியம்மாள் என்ற பெண் நம்மைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"மருந்து போட்டு மார்க் வெச்சிட்டுப் போனீங்களே சார், அதான் ஏரிக்கரைக்குப் போனவங்கல்லாம் திரும்பி வந்துட்டோம்."

மலேரியாக்காரர்கள் மருந்து அடித்த வீட்டுச் சுவரில் காவியால் குறி போட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். சர்க்கார் ஆள் வந்து செந்நிறத்தில் குறி போட்டால், மருந்து போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று பொருள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். படித்தவர்களான நம் இருவருக்கும்தான் தெரியவில்லை.

"வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு வைத்தாய். வழக்கமான கேள்வி.

"சின்னத போன புதன்கிழமதான் சார் அடக்கம் பண்ணோம். மூணு வயசு. வாந்தியும் பேதியுமா போயிடுச்சு."

நான் பையைத் தூக்கிக்கொண்டேன், கிளம்பலாம் என்று. நீ அசையவில்லை. வட்டம் எதற்காகப் போட்டது என்பதை அவளிடம் சொன்னாய். அவள் இடுப்புக் குடத்தைச் சாய்த்துக் கொட்டினாள்.

"வாயால சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார். எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அன்று நீ என்னோடு திரும்பவில்லை. வீடு வீடாகப் போனாய். அடுத்து வந்த ஞாயிறுகளிலும் சைக்கிளில் போனாய். விஷம் எங்கிருந்து வருகிறது, காய்ச்சினாலும் ஏன் போகாது என்பதையெல்லாம் அவர்கள் பேச்சிலேயே சொன்னாய். சொல்லி முடித்ததும், "இப்ப நீ எனக்குச் சொல்லு," என்று கேட்பாய். திருப்பிச் சொல்வதில் பிசகினால், தப்பு என்னுடையது என்று சொல்லி மறுபடி ஆரம்பிப்பாய். காது கேளாத ஒரு கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பட்டறைக் கழிவுக் கால்வாயைக் காட்டினாய். அவர் கால்வாயையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துப்பினாராம். நம் அறிக்கையை அவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. அந்தக் கிணற்றில் குடம் இறங்குவது நின்றது.

பட்டறை முதலாளியிடமிருந்து புகார் வந்தது. அதிகாரி உன்னைக் கூப்பிட்டார்.

"வாயால சொல்ல உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

"வாய் என்னுது சார்."

உன் இடமாற்ற உத்தரவை நான்தான் டைப் செய்தேன். ஒரு பிழை கிடையாது.

மாற்றலாகிப் போவதற்கு முன் என் மேஜைக்கு வந்தாய். மறு அறிக்கையில் அந்தக் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொன்னாய். பெயருக்குக் கட்டம் இல்லை என்றேன்.

"ஓரத்துல அடிய்யா. சின்னப் பேருதான்."

நான் அடிக்கவில்லை. நீயும் வற்புறுத்தவில்லை, பெயரை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு, "இப்ப நீ எனக்குச் சொல்லு," என்றாய். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாய்.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ கிணறுகளுக்கு அறிக்கை அடித்தேன். ஓர் எண்கூட நினைவில் இல்லை. கேட்க நீ இல்லை என்றாலும் பிசகாமல் சொல்ல முடிவது இது ஒன்றுதான்: லூர்து மேரி. மூன்று வயது.