இரண்டு மீரான் ராவுத்தர்கள்

அன்புள்ள உம்மாவுக்கு முபாஷிரின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனிக்கு, தியாகி மீரான் ராவுத்தர் நினைவு விழாவுக்காக அவர் படம் போட்ட பனியன் ஆர்டர் வந்தது. படத்தை நெட்டில் தேடித் தந்தவன், நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட நம் தெரு வாசிம்.

"இவர்தானாடா?" என்று கேட்டேன்.

"இவருதான் காக்கா."

அச்சடித்த பிறகுதான் தெரிந்தது, அது அதே பெயரில் வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கியவரின் படம். விழாக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

"படத்த ஆருங்க குடுத்தது?" என்றார் முதலாளி கிட்டுசாமி.

வாசிம் தரையைப் பார்த்தபடி என் பக்கம் கைகாட்டி, "காக்காதாங்க குடுத்தாங்க" என்றான்.

உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். பழியை நானே ஏற்றுக்கொண்டேன். பிறகாவது தனியாக வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். வரவில்லை.

இப்போது நான் பேக்கிங்கில் இருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் அவன் உட்கார்ந்திருக்கிறான். பேக்கிங் லேசான வேலைதான், கவலைப்படாதீர்கள். அவன் உம்மா விசாரித்தால் இருவரும் நலம் என்றே சொல்லுங்கள். அறையை மாற்றிவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பினால் சின்ன டப்பா போதும், இனி எனக்கு மட்டும்தான்.

பெல் அடித்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகன்
முபாஷிர்