சாரலில் ஓட்டிய எஞ்சின்

மச்சான், இன்று காலை செங்கோட்டை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். தண்டவாள வேலைக்கு வந்த சின்ன டீசல் வண்டி ஒன்று உறுமிக் கிளம்பியது. சாரலோடு கலந்து வந்த அந்தப் புகை நெடி மூக்கில் ஏறியதும், நீங்கள் கண்மூடிய பிறகும் உங்கள் சட்டையைத் துவைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

தென்காசியில் நம் பட்டறையில், பழைய லாரி எஞ்சின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் ஏற்றி நான்கு ரயில் சக்கரம் மாட்டினீர்கள். பக்கத்து ஆலை ஒன்றில் ரயில் சரக்குப் பெட்டிகளை நகர்த்த டிராக்டரை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு குட்டி எஞ்சின். முதல் சோதனையில் தனியாக அழகாய் ஓடியது. பெட்டியை மாட்டியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது.

"பவர் இருக்கு, கனம் காணாது" என்று சொல்லி, அடித்தட்டு முழுக்கத் துண்டுத் தண்டவாளங்களை அடுக்கினீர்கள்.

அந்த வாரம்தான் என் அண்ணன் துபாயிலிருந்து உங்களுக்கு விசா அனுப்பினார். "இந்தத் தடவையும் இழுக்கலன்னா நான் கிளம்புதேன்" என்றீர்கள். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இரண்டாம் சோதனையன்று பார்த்துச் சாரல். தண்டவாளம் நனைந்து கிடந்தது. ஓட்ட வருவதாகச் சொன்ன லாரி டிரைவர் வரவில்லை. ஆலை முதலாளி குடையோடு காத்து நின்றார். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தூவ வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நீ ஏறு."

"நானா? எல்லாரும் பாக்குதாங்க மச்சான்."

"பாக்கட்டும். பட்டறையில முன்னயும் பின்னயும் ஓட்டுனவதான நீ? கிளச்ச பையப் பைய விடு. மணல நான் போடுதேன்."

ஓரமாக நடந்தபடி சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவினீர்கள். முதலில் சுழன்றது. மிதித்து, மறுபடி விட்டேன். இரும்பு முனகியது. பின்னால் ஒரு வெட்டு வெட்டி, பெட்டி நகர்ந்தது. "விடாத, விடாத!" என்று நீங்கள் கத்தியதுதான் கேட்டது. கண்ணீரில் எனக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை.

"யாருய்யா அது ஓட்டுனது?" என்றார் முதலாளி.

"எம் பொண்டாட்டி, அண்ணாச்சி."

அதற்கப்புறம் நீங்கள் கட்டிய எஞ்சின்களுக்கெல்லாம் மணல் பெட்டியும் குழாயும் வைத்தீர்கள். விசா அப்படியே காலாவதியானது. குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "இவ ரயில் எஞ்சின் ஓட்டுனவ" என்பீர்கள். கூச்சத்தில் உங்கள் கையைக் கிள்ளுவேன்.

போன வாரம் பண்பொழியில் ஒரு கல்யாண வீடு. பக்கத்தில் இருந்த பெண், "ஒங்க வீட்டுக்காரர் என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டாள்.

"எஞ்சின் கட்டுனாரு" என்றேன். அவள் பக்கம் திரும்பி, "ஓட்டுனது நான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குக் கூச்சமே வரவில்லை, மச்சான்.