கழட்டி வைத்த ஏணை

டிலோஜினி,

வீடு பூட்டியிருக்கு, திறப்பு பக்கத்து வீட்டு றஞ்சினி அக்காவிட்ட இருக்கு. பிள்ளையும் அவவோடதான். சோறும் சொதியும் அடுப்படியில மூடி வச்சிருக்கிறன்.

உன்ர சீலையில கட்டின ஏணையைக் கழட்டிட்டன், கோவிக்காத. உன்ர வயித்துக்குள்ள இருக்கேக்க அவனுக்கும் போன போதைத்தூளால இன்னும் கைகால் நடுங்குது. ஏணையில போட்டு ஆட்டினாலும் பாடினாலும் வீறிட்டு அழுறான். அந்தச் சீலையாலயே இறுக்கிச் சுத்தி, பாடாமல், நெஞ்சோட வச்சிரு.

நீ இருந்த புனர்வாழ்வு நிலையத்துக்கு நான் பாக்க வரேல்லை எண்டு கோவமா இருப்பாய். எனக்கும் கோவம்தான். ஆனாலும் பின்னேரத்தில படலை திறக்கிற சத்தம் கேட்டால் நீயோ எண்டு எட்டிப் பாக்கிறனான்.

கடலுக்குப் போறன். விடியத்தான் வருவன்.

நீக்கிலாஸ்

இன்னொண்டு. அவன் இன்னும் சிரிக்கேல்லை. மற்றப் பிள்ளையளை விடச் சுணங்கி, பிந்தித்தான் சிரிப்பானாம், கிளினிக்கில சொன்னவை. உன்னைப் பாத்துச் சிரிச்சால், நான் படுத்திருந்தாலும் எழுப்பு.