மெயினருவி விசில்

அன்பு அப்பாவுக்கு, வடிவு வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சாரலில் நனைந்துகொண்டே அருவிக்கரைக் கடையில் நிற்காதீர்கள். சென்னையில் நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் என் நாடகம் முதல்முறையாக ஒரு பள்ளியில் நடந்தது. நாடகத்துக்கு எடுத்துக்கொண்ட சிறுவர் கதையில் வெறும் ஆறுதான். நான் அதை நம் மெயினருவியாக மாற்றி எழுதியிருந்தேன். வெள்ளம் வரும்போது போலீஸ்காரர் விசில் ஊதுவார். குளிப்பவர்கள் ஓட, குட்டிக் குரங்கு தனியே மாட்டிக்கொள்ளும். விசில் ஊதியதும், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வரிசையாக வாசலுக்குப் போய்விட்டார்கள். பி.டி. பீரியட் பழக்கம்! குரங்கு வேஷக்காரி மட்டும் மேடையில் நின்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் குழுவை நடத்தும் ஜோயல் அண்ணன் நம் ஊருக்குப் பக்கத்துச் சுரண்டைக்காரர். அவரே, "ஏட்டி, அந்த சீனைத் தூக்கிரு. இல்லேன்னா வேற ஸ்கூல்ல கூப்பிட மாட்டாங்க" என்றார். முடியாது என்றுவிட்டேன். தப்பு விசிலில் இல்லை. நமக்கு முதலில் அருவியின் சத்தம் மாறும், பிறகுதான் விசில் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் எழுதவே இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இருபதாம் தேதி அடுத்த பள்ளியில் அந்தக் காட்சியோடுதான் போடுவோம்.

கூரியர்காரர் வந்துவிட்டார். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் சின்ன ரெக்கார்டர் இருக்கிறது. தண்ணீர் ஏறும் நாளில் கடை வாசலில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள். நடுவில் நீங்கள், "தண்ணி ஏறுது, வெளிய வாங்க" என்று சத்தம் போட்டாலும் அணைக்க வேண்டாம். மேடைக்கு அருவியை மட்டும் எடுத்துக்கொள்வேன். மீதி எனக்கு.

வடிவு