கொண்டையூசி வளைவில் தயங்கிய வண்டி

இன்று காலை போளூர் பட்டறையில் மெக்கானிக் நம் வண்டியின் புகை வால்வை மறுபடியும் கழற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார். தார் போலக் கரி படிந்திருந்தது. டீசலும் எரிந்த எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. அழக்கூட அலுப்பாக இருந்தது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

நீ மலைக்கு நர்ஸ், நான் மலைப்பள்ளிக்கு டீச்சர். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய டீசல் கார் இது. ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருவது நீ. இரண்டாவது மழைக்காலத்தில் அது ஏற்றத்தில் தயங்க ஆரம்பித்தது. மிதித்தால் இழுக்காது, வெட்டி வெட்டிப் போகும். டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தோம். டர்போ குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பட்டறையில் தேடினார்கள், இல்லை. கடைசியில் எனக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். நீ என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய்.

பாதி மலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. அவளை நம் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கொண்டையூசி வளைவில் வண்டி தயங்கி நின்று, பின்னால் நழுவியது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். பின்சீட்டில் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"முதல் கியர் போட்டு முழுசா மிதி. பாதி மிதிச்சாதான் மக்கர் பண்ணுது. நானும் பாத்துகினுதான் வர்றேன்."

மிதித்தேன். பின்னால் சாலையே தெரியாத அளவுக்குக் கரும்புகை. ஆனால் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் பட்டறையில் நீதான் பேசினாய். இன்ஜின் ஆறியிருக்கும்போது தொந்தரவு இல்லை, சூடான பிறகு மெதுவாக ஏறும்போதுதான் தயங்குகிறது என்று, நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னாய். மெக்கானிக் யோசித்துவிட்டு வால்வைக் கழற்றினார். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிற வால்வு. கரி அடைத்து, மூட முடியாமல் திறந்தே நின்றிருந்தது. நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் புகை போய்க்கொண்டிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் வண்டி சிரமமில்லாமல் மலையேறியது. "கிளட்ச் விடக் கத்துகினியா டீச்சர்?" என்று வழியெல்லாம் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். அமிர்தி வழியாக வேலூருக்கு எத்தனை தடவை போய்வந்தோம். ஒரு தடவைகூட வண்டி தடுமாறவில்லை. ஒருநாளும் நாம் நேரம் தவறிப் போகவில்லை. அப்படியிருந்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. யாரையாவது, எதையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியாகத் திரும்பி வரும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "வண்டிய வித்துடாத. அவசரம்னா மேல இருக்கறவங்களுக்கு வேற இன்னா இருக்குது?"

விற்றுவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். முட்டி வலிக்கிறது, மலையில் ஓட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இன்று சாயங்காலமும் பட்டறையிலிருந்து ஓட்டி வந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் மேலிருந்து ஒருவர் போன் செய்தார். மாமியாருக்கு மூச்சு வாங்குகிறதாம், வண்டி வருமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பயப்படாதீங்க. அவங்கள சாய்ஞ்சாப்ல உக்கார வைங்க," என்றேன். "கிளம்பிட்டேன்."