பிராவ்லியோவுக்குக் கறி

சாகுவா
2003 ஜனவரி 19

அன்பு மகள் மிலாக்ரோசுக்கு,

பத்து மில்லியன் டன் சர்க்கரை என்று நாடே கரும்புக் காட்டில் இறங்கி, கிறிஸ்துமஸையே ஜூலைக்குத் தள்ளிவைத்தார்களே, அந்த வருஷம்தான் உன் பாட்டி கடைசியாக அந்தக் கறியைச் செய்தாள். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு நியேவெஸ் எழுதுகிறாள்.

நீ சமைத்ததைப் பிராவ்லியோ சித்தப்பா "இது அது இல்ல" என்று தள்ளிவிட்டான் என்றாய். எலுமிச்சை பிழிந்திருப்பாய். கூடாது, புளிப்பு ஆரஞ்சுதான். பூண்டு, உப்பு, சீரகம், ஓரிகானோ எல்லாவற்றையும் இடித்து அந்தச் சாற்றில் கரை. மாட்டுத் தொடைக்கறியை நீளவாக்கில் துளைத்து சொரிஸோ தொத்திறைச்சியைத் திணி. கயிற்றால் கட்டு; கட்டாவிட்டால் தொத்திறைச்சி ஊர் சுற்றப் போய்விடும். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் பன்றிக் கொழுப்பில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, ஊறிய சாறும் வெங்காயமும் போட்டு மூன்று மணி நேரம் மூடி வேகவை.

சாப்பிட்டானா என்று உடனே எழுது. அந்த வருஷத்தைப் பற்றி அவனிடம் பேச்செடுக்காதே.

உன் அப்பா எலூத்தேரியோ
(கைநாட்டு)

டாம்பா
பிப்ரவரி 2

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டார். இரண்டே வாய். "இதேதான்" என்றார். நான் பேச்செடுக்கவில்லை, அவரே எடுத்தார்.

"உங்க பாட்டி வாயையும் மூட மாட்டா, சட்டியையும் மூட மாட்டா. கதவ அடைச்சு, இடுக்குல துணி திணிச்சு, காப்பிக்கொட்ட வறுத்து வாசனைய மறைச்சோம். கிழவி வெந்துதான்னு பாக்க மூடியத் திறந்தா. தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. அனுமதியில்லாம மாடு அறுத்தேன்னு நாலு வருஷம் உள்ள போட்டாங்க."

நாட்டை விட்டுப் படகேறும்போதுகூடப் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளவில்லையாம். வீட்டில் அவள் படமும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். டாக்டர் முகமே சரியில்லை. மூடியைத் திறந்தது பாட்டிதானா அப்பா? ஊருக்கு வரும் ரமோனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒன்பதாம் தேதி திரும்புகிறார். அவரிடமே பதில் கொடுங்கள்.

மிலாக்ரோஸ்

சாகுவா
பிப்ரவரி 7

மகளே,

நியேவெஸ் பேனாவை வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். "முப்பத்திமூணு வருஷம் இத வயித்துலயா வச்சிருந்த, கழுதை?" என்கிறாள். எழுது என்றேன்.

என் அம்மா மூடியைத் திறக்கவே இல்லை. எது சமைத்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு போவது நம் தெரு வழக்கம். அன்றைக்கு மட்டும், "ஒரு தட்டும் வேலி தாண்டக் கூடாது" என்றாள். நான் தாண்டவைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஸொய்லா, உன் அம்மா. அப்போது என்னைத் திரும்பியும் பார்க்காதவள். அவள் அப்பன் எவரிஸ்தோ தெருக் கண்காணிப்புக் குழுத் தலைவன். கூட்டத்துக்குப் போயிருக்கிறான் என்று நம்பினேன். சீக்கிரம் திரும்பிவிட்டான். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் புகார் கொடுத்தான்.

கறி கொண்டுவந்தது தான்தான் என்று தம்பி ஒப்புக்கொண்டான். தட்டு கொடுத்தவன் பெயரை எவரிஸ்தோ சொல்லவில்லை, மகள் அழுது கெஞ்சியிருப்பாள். அம்மாவுக்குத் தெரியும், அலமாரியில் ஒரு தட்டு குறைந்திருந்தது. பழி தன்மேல் விழுந்தபோதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இதை ஆபரேஷனுக்கு முன்னால் அவனுக்குப் படித்துக் காட்டு. அவன் நெஞ்சு தாங்குமா என்று பயம். அம்மாவைத் திட்டிக்கொண்டே போய்விடுவானோ என்று அதைவிடப் பயம். என்னைத் திட்டினால் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுது.

அந்தக் கறியைத் தின்றவர்களில் எவரிஸ்தோ போனான், அம்மா போனாள், உன் அம்மாவும் போனாள். என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதே. மிச்சமிருப்பது பிராவ்லியோ ஒருத்தன்.