பொறவாசல் இல்லாத கப்பல்

அம்மா,

இன்று காலை அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உங்கள் பேத்தியின் கைபேசியிலிருந்து "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். விண்கப்பலின் கதவு தானாகத் திறக்கிற அதே சத்தம்! உங்கள் டிவி தொடர் இன்னும் முடியவில்லை அம்மா. ஆட்கள் மாறிவிட்டார்கள், கப்பல் மாறிவிட்டது, கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். தாளிப்பு கருகிவிட்டது.

தொண்ணூறுகளில் நம் பீளமேட்டு வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. ஞாயிறு காலையில் அந்த ஆங்கிலத் தொடர் ஓடும். உங்களுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. என்னுடைய ஆங்கிலம் பரீட்சைக்கு மேல் உதவாது. கதை சொன்னவள் ஸ்டெல்லா. என்னோடு கல்லூரியில் படித்தவள், நம் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் மகள். சந்து வழியாகச் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொறவாசலுக்குத்தான் வருவாள். அவர்கள் வீட்டார் யாரும் அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அங்கேயே நின்று டிவியை எட்டிப் பார்த்து, உங்களுக்குத் தமிழில் கத்திச் சொல்வாள். அவளுக்கென்று மதில்மேல் ஒரு தனி டம்ளர் வேறு. எனக்கு மானமே போகும். அவளை உள்ளே கூப்பிடச் சொல்லி உங்களோடு எத்தனை சண்டை! "நாலு பேரு என்ன சொல்லுவாங்க கண்ணு?" என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

ஆனால் அந்தக் கப்பல் உங்களைப் படுத்தியது. கறுப்பர், வெள்ளையர், நீலத்தோல்காரர், தலையில் கொம்பு முளைத்தவர், எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இதில் வீட்டுக்காரர் யார், வேலைக்காரர் யார் என்று வாராவாரம் தேடினீர்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டீர்கள்.

"ஏ ஸ்டெல்லா, இத்தாப்பெரிய கப்பலுக்குப் பொறவாசல் எங்க இருக்குது?"

"பொறவாசலே இல்லீங்கம்மா. வெளிய நின்னா மூச்சு உட முடியாதுங்க. எல்லாருமே உள்ளதான் இருக்கோணுமுங்க."

நீங்கள் டிவியைப் பார்த்தீர்கள். திரும்பி அவளைப் பார்த்தீர்கள்.

"அப்பறம் நீ எதுக்கு அங்க நிக்கற? உள்ள வா அம்மணி, கதெ ஓடுதல்ல."

வந்தாள். சோபாவின் நுனியில், இப்போதே விழுந்துவிடுவாள்போல உட்கார்ந்தாள். அன்று நம் மேசையில்தான் அவளுக்குச் சாப்பாடு. நெய்யை நீங்களே ஊற்றினீர்கள். தட்டைக் கழுவ எழுந்தவளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டீர்கள். நான் சமையலறையில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அடுத்த வாரம் பெரியப்பா வந்து, சோபாவில் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நீங்கள் விடவில்லை. "ஏனுங்க மாமா, அப்ப இந்த இங்கிலீசு கதெய நீங்க சொல்றீங்களா?" மனிதர் காப்பியைக் குடித்துவிட்டு அடங்கிப்போனார்.

இன்று அந்தக் கருகிய சோற்றைச் சாப்பிட ஸ்டெல்லா வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, கேலி குறையவில்லை. "அம்மா பாத்திருந்தா உன்னைக் கரண்டியாலயே ஒண்ணு போட்டிருப்பாங்க" என்றாள். அப்போது மகளின் புதுச் சிநேகிதி ஒருத்தி வந்து வாசற்படியிலேயே தயங்கி நின்றாள். எந்த வீட்டுப் பெண் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவுமில்லை. நானும் ஸ்டெல்லாவும் ஒரே நேரத்தில், உங்கள் குரலில் சொன்னோம்.

"உள்ள வா அம்மணி, கதெ ஓடுதல்ல."